கைக்கருவியை நம்பி ஸ்பானிய மொழி பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்ரித் நகரில் ஒரு சிறிய உணவகம். "இறைச்சி வேண்டாம், காய்கறி சாலட் போதும்" என்று கையடக்க மொழிபெயர்ப்புக் கருவியில் சொன்னேன். அது கணீரென்று ஸ்பானிய மொழியில் ஒலித்தது. பரிமாறுபவர் தலையசைத்துவிட்டுப் போனார். வந்த தட்டில் இலைக்கீரை, தக்காளி, வெங்காயம், பாதியாக வெட்டிய அவித்த முட்டை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கைப்பிடி சூரை மீன். கருவி தவறு செய்யவில்லை, அவரும் தவறு செய்யவில்லை. 'கார்னே' என்றால் அங்கே அன்றாடப் பேச்சில் மாடு, பன்றி, ஆடு ஆகியவற்றின் இறைச்சிதான். மீன் அதில் சேராது. பன்றித் தொடை இறைச்சியான 'ஹாமோன்' துண்டுகளைக்கூடச் சில இடங்களில் தனிக் கணக்காகவே வைக்கிறார்கள்.

ஆகவே 'சைவம்' என்ற ஒற்றைச் சொல்லைக் கருவியிடம் ஒப்படைக்காதீர்கள். அதைச் சமயம் என்று எடுத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன், ஹாமோன், முட்டை. மெக்ஸிகோவில் இது போதாது. அங்கே பிசைந்து வறுத்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பதும், சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் சாதாரணம். 'மான்தேகா' இருக்கிறதா, 'கால்தோ தே போயோ' ஊற்றினீர்களா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஸ்பெயினில் அது 'ககாவேத்தே', மெக்ஸிகோவில் 'ககாவாத்தே', தென் அமெரிக்காவின் பெரும்பகுதியில் 'மானி'. போகிற நாட்டின் சொல்லை ஸ்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தைப் பேட்டரியை நம்பி விடக்கூடாது.

நம்மவர்கள் செய்கிற தவறுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. கருவியில் தமிழ் இருந்தாலும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறோம். ஆங்கிலத்தில் 'ஹாட்' என்று கேட்டால் சூடா, காரமா என்று கருவிக்குத் தெரியாது. பெரும்பாலும் 'கலியெந்தே', அதாவது சூடு என்றே சொல்லும். நாம் கேட்க நினைத்ததோ 'பிகாந்தே'. தமிழில் சூடு வேறு, காரம் வேறு. ஸ்பானிய மொழியிலும் அப்படித்தான். இரண்டு மொழிகளும் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பதை நடுவில் ஆங்கிலத்தை நுழைத்துக் குழப்பிக்கொள்கிறோம். கருவி சொன்னது சரியா என்று திருப்பி மொழிபெயர்த்துப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அதையும் ஆங்கிலத்தில் செய்தால் 'கலியெந்தே' மறுபடியும் 'ஹாட்' என்றே வந்து நிற்கும்; பிழை கண்ணில் படாது. தமிழுக்குத் திருப்பினால் 'சூடு' என்று வரும்போதே பிடித்துவிடலாம்.

மரியாதையும் இப்படியே தொலைகிறது. நமக்கு நீ, நீங்கள். அவர்களுக்குத் 'தூ', 'உஸ்தேத்'. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்று. தமிழில் பேசினாலும் உள்ளுக்குள் ஆங்கிலத்தின் வழியாகவே மொழிபெயர்க்கும் கருவிகள் இருக்கின்றன. அவற்றில் நாம் சொன்ன 'நீங்கள்', ஒரு மூதாட்டியின் காதில் 'நீ' என்று விழலாம். வாக்கியத்தில் 'ஐயா', 'அம்மா' என்று சேர்த்துச் சொன்னால் பெரும்பாலும் 'உஸ்தேத்' வந்துவிடுகிறது. 'அவர்' என்ற சொல்லிலும் எச்சரிக்கை தேவை. மருந்துக்கடையில் மனைவியைக் குறித்து "அவருக்குக் காய்ச்சல்" என்றால் கருவி அதை ஆணாக்கிவிடலாம். கடைக்காரர் உங்கள் பின்னால் வேறு யாரையோ தேடுவார். "என் மனைவிக்குக் காய்ச்சல்" என்று முழுதாகச் சொல்லுங்கள். எழுவாயை விழுங்காமல், ஒரு நேரத்தில் ஒரே வாக்கியமாக, புத்தகத் தமிழில் பேசினால் கருவியும் தடுமாறாது.

கருவியின் அமைப்பில் ஸ்பெயின், மெக்ஸிகோ என்று நாடு வாரியாகத் தேர்வு இருந்தால் அதைத் தொடாமல் விடாதீர்கள். நாம் பஸ் 'பிடிப்பது' போல ஸ்பெயினில் 'கொஹேர்' என்பார்கள். மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது பொது இடத்தில் சொல்லத்தகாத ஆபாசச் சொல். பஸ்ஸுக்கே ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. மெக்ஸிகோவில் 'கமியோன்' வரும் என்று ஒருவர் சொல்ல, கருவி லாரி வரும் என்று மொழிபெயர்க்கலாம். கியூபாவிலும் கேனரி தீவுகளிலும் பஸ் என்றால் 'குவாகுவா'. பெரு, ஈக்வடார் மலைப்பகுதிகளில் அதே சொல்லுக்குக் குழந்தை என்று பொருள். பார்சிலோனாவிலோ கடைக்கதவில் 'தன்காத்' என்று எழுதியிருக்கும். அது ஸ்பானியமே அல்ல, அந்தப் பகுதியின் கத்தலான் மொழி. மொழியை மாற்றினால்தான் 'மூடியிருக்கிறது' என்று தெரியும்.

எண்களைக் காதால் மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். அறுபது 'செசென்தா', எழுபது 'செதென்தா'; இரைச்சலான பஸ் நிலையத்தில் ஒலிவாங்கிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எழுதினாலும் கொலம்பியா, அர்ஜென்டினா, ஸ்பெயின் போன்ற நாடுகளில் 1.500 என்றால் ஆயிரத்து ஐநூறு, ஒன்றரை அல்ல.

இணையம் இல்லாமல் கருவியில் எந்தெந்த மொழிகள் இயங்கும் என்பதை வீட்டிலேயே, சிம்மையும் வைஃபையையும் அணைத்துவிட்டுச் சோதியுங்கள். அந்தப் பட்டியலில் தமிழ் இல்லாமல் போகலாம்.

கருவியை நீட்டுவதற்கு முன் முகத்தைப் பார்த்து 'புவெனோஸ் தியாஸ்' என்று வணக்கம் சொல்லுங்கள். அந்த நாடுகளில் கடைக்குள் நுழையும்போதே வணக்கம் சொல்வது வழக்கம். வாய் திறக்காமல் ஒரு பெட்டியை மூக்குக்கு நேரே நீட்டினால் யாருக்கும் பிடிக்காது. வணக்கத்தையும் நன்றியையும் நம் குரலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெருவின் குஸ்கோவில், ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில், ஒரு சந்தில் நின்று சந்தைக்கு வழி கேட்டேன். 'தெரெச்சோ' என்றார் காய் விற்கும் அம்மா. நேராகப் போ என்று பொருள். கருவி 'தெரெச்சா' என்று கேட்டுக்கொண்டு, வலப்பக்கம் என்று திரையில் காட்டியது. நான் வலப்பக்கம் திரும்பிய உடனே அவர் எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்து நேரே திருப்பி, கை நீட்டிக் காட்டினார். அன்றிலிருந்து வழி கேட்டால் கருவியைத் தாழ்த்திவிட்டு, சொல்பவரின் கை எங்கே நீள்கிறது என்று பார்க்கிறேன்.