ஒரே ஆளுக்கு மூன்று நோய்ப் பெயர்கள்: தெளிவு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் பார்த்த மருத்துவர் மனச்சோர்வு என்றார். இரண்டாமவர் பைபோலார் (மனம் சில காலம் மிகையாகத் துள்ளி, சில காலம் சோர்ந்துபோகும் நோய்) என்றார். இப்போது பார்ப்பவர் ஏடிஹெச்டியும் (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு) இருக்கலாம் என்கிறார். "அப்படியென்றால் எனக்கு உண்மையில் என்னதான்?" என்று கேட்கத் தோன்றுவது நியாயம்தான். ஆனால் விடை தேடும் விதத்தில் நடக்கும் சில தவறுகள் குழப்பத்தைக் கூட்டிவிடுகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அறிகுறிகளை மட்டும் பட்டியல் போட்டுப் பார்ப்பது. கவனம் சிதறுவது ஏடிஹெச்டியில் உண்டு, மனச்சோர்வில் உண்டு, பதற்றத்திலும் உண்டு. எரிச்சலும் அப்படித்தான். இவற்றைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் காலக்கணக்கு. ஏடிஹெச்டி என்றால் அதன் அடையாளங்கள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். முப்பது வயதில் புதிதாக முளைத்த மறதிக்கு வேறு காரணம் தேட வேண்டும். பைபோலாரில் வரும் ஹைப்போமேனியா, அதாவது மிதமான மிகைத் துள்ளல் நிலை, குறைந்தது 4 நாள் தொடர்ந்து நீடிக்கும். உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் தத்தளிக்கும் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறிலோ, யாரோ விலகிப் போனது போல் தோன்றிய ஒரு கணத்தில் மனம் புரண்டு, பல நேரம் சில மணி நேரத்திலேயே அடங்கிவிடும்.

"மூன்று மணி நேரம்தான் தூங்கினேன்" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். படுத்துப் புரண்டு, காலையில் எழ முடியாமல் கிடந்தால் அது ஒரு கதை. மூன்றே மணி நேரம் தூங்கி, களைப்பே இல்லாமல் புதுத் திட்டங்களோடு எழுந்தால் அது முற்றிலும் வேறு கதை. மருத்துவரிடம் "தூக்கம் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் எது எந்த வயதில் தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது, இடையில் நன்றாக இருந்த காலம் எப்படி இருந்தது என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். என் கணிப்பில், எந்தப் பட்டியலை விடவும் அந்த ஒரு பக்கம் அதிகம் உதவும்.

இன்னொரு தவறு, சோர்ந்திருக்கும்போது மட்டும் மருத்துவரிடம் போய், சோர்வை மட்டும் சொல்வது. துள்ளலான நாட்களை யாரும் நோயாக நினைப்பதில்லை. அதனால் அவை பேச்சிலேயே வராது. ஆனால் பைபோலார் இருப்பவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலருக்கு அது மேனியாவை, அதாவது தீவிரமான மிகைத் துள்ளலை, தூண்டிவிடும். கூடவே வாழ்பவர் ஒருவரை அழைத்துப் போவது இங்கே கைகொடுக்கும். நீங்கள் மறந்துபோன வாரங்கள் அவருக்கு நினைவிருக்கும்.

இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாள்களையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 என்ற கேள்வித்தாள் கேட்பது கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி மட்டும். மேனியாவைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் கிடையாது. அப்புறம், உடலை மறந்துவிடக் கூடாது. தைராய்டு கூடினால் படபடப்பு, குறைந்தால் சோர்வு. பி12 குறைபாடு, மதுப்பழக்கம், வேறு நோய்க்குச் சாப்பிடும் ஸ்டீராய்டு, இவையெல்லாம் மனநோயின் முகத்தோடு வரும். கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

ஒன்று உண்மையென்றால் மற்றது பொய் என்று நினைப்பதும் தவறுதான். 2013இல் டிஎஸ்எம்-5 என்ற ஐந்தாம் பதிப்பு வரும்வரை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின்படி ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் ஒருவருக்குச் சேர்த்துச் சொல்லப்படவே இல்லை. இன்று இரண்டும் சேர்ந்தே வரலாம் என்று ஏற்கப்பட்டிருக்கிறது. அதனால் "எது சரி?" என்பதோடு நிற்காமல், "எதை வைத்து இப்படிச் சொல்கிறீர்கள்? வேறு எதை யோசித்து விலக்கினீர்கள்? எதை முதலில் கவனிக்கப் போகிறோம்?" என்று கேளுங்கள். பைபோலாரும் ஏடிஹெச்டியும் சேர்ந்திருந்தால், வழக்கமாக மனநிலையை நிலைப்படுத்திய பிறகுதான் கவனத்துக்கான மருந்தைத் தொடுவார்கள்.

பெயர் மாறியதும் பழைய மாத்திரையை நீங்களாகவே சட்டென்று நிறுத்தாதீர்கள். குறைப்பதற்கும் ஒரு முறை உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், நோயின் பெயர் தெளிவாகட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம். அன்றைக்கே அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே உதவி பெற எந்த நோய்ப் பெயரும் தேவையில்லை.