அருங்காட்சியகச் சேகரிப்புக்கு மென்பொருள்: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விற்பவர் காட்டும் மாதிரியைப் பார்த்தே முடிவெடுப்பதுதான் அருங்காட்சியகங்கள் செய்யும் முதல் தவறு. அந்த மாதிரியில் உள்ளவை குறையில்லாத பதிவுகள். அவை எந்த மென்பொருளிலும் அழகாகவே தெரியும். உங்கள் பதிவேட்டிலிருந்து மிகச் சிக்கலான 30 பதிவுகளைப் பொறுக்கி எடுங்கள். மூடி தனி, பானை தனியாக இருக்கும் பொருள், ஒரே எண் இரண்டு பொருளுக்கு விழுந்தது, இரவலாக வந்து திரும்பிப் போகாமலே தங்கிவிட்டது, இப்படி. தினமும் பதிவு செய்யப்போகிற ஊழியரே அவற்றை உள்ளிட்டுப் பார்க்கட்டும்.

பெரும்பாலும் காலம் குறிக்கும் இடத்தில்தான் சிக்கல் வெளிப்படும். ‘சுமார் 1850’, ‘12ஆம் நூற்றாண்டு’ என்றுதான் நம் பதிவேடுகளில் இருக்கும். சாதாரணத் தேதிப் புலமோ (புலம் என்பது பதிவில் ஒரு விவரத்தை நிரப்பும் கட்டம்) நாள், மாதம், ஆண்டு மூன்றையும் கேட்கும். எக்செல் 1900க்கு முந்தைய நாளைத் தேதியாகவே ஏற்காது. பல மென்பொருள்களின் பின்னணியில் இயங்கும் தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லின் தேதி வகையின் வரம்பு 1000ஆம் ஆண்டில்தான் தொடங்குகிறது. வேறு வழியின்றி ஊழியர் 1150 ஜனவரி 1 என்று தட்டிவிடுவார். பிறகு வருபவருக்கு அது பொருளில் பொறித்திருந்த ஆண்டா, ஊகமா என்று தெரியாது. எனவே மூலத்தில் உள்ளபடியே எழுத ஒரு புலம், தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு என மூன்று புலங்கள் வேண்டும். 12ஆம் நூற்றாண்டு என்றால் 1101, 1200.

பதிவு எண்ணை எண் வகைப் புலத்தில் வைப்பது இன்னும் ஆபத்து. 1987.10 என்பது 1987.1 ஆகிவிடும், இரண்டு பொருள்கள் ஒரே எண்ணில் வந்து நிற்கும். அது எழுத்து வகைப் புலமாகவே இருக்க வேண்டும். அப்போது வரிசைப்படுத்தினால் 1987.10, 1987.2க்கு முன்னால் வரும் என்பதால், வரிசைக்கென்று மறைவாகத் தனிப் புலம் வைக்கிறதா என்று கேளுங்கள். பழைய தரவை மாற்றும்போது இடையில் எக்செல்லில் திறந்து சேமித்தாலும் இதே சேதம் நேரும்.

பொருள் இருக்கும் இடத்துக்கு ஒரே ஒரு புலம் போதும் என்று விட்டுவிடாதீர்கள். புதிய இடத்தை எழுதியதும் பழையது அழிந்துவிட்டால், காணாமல் போன பொருளைத் தேடத் தடயமே இருக்காது. ஒவ்வொரு நகர்வுக்கும் எங்கிருந்து, எங்கே, எந்த நாள், யார், எதற்காக என்று தனி வரி சேர வேண்டும். பிரிட்டனின் கலெக்‌ஷன்ஸ் டிரஸ்ட் வெளியிடும் ஸ்பெக்ட்ரம் என்ற சேகரிப்பு நிர்வாகத் தரநிலை முதன்மையாக வைக்கும் 9 நடைமுறைகளில் இந்த இட, நகர்வுக் கட்டுப்பாடும் ஒன்று. வாங்கும் முன் அந்த 9ஐயும் வைத்துச் சரிபார்ப்பது நல்லது.

படங்களுக்கான இடத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். 24 மெகாபிக்சல் படம் சுருக்கப்படாத டிஃப் (TIFF) படக் கோப்பாகச் சுமார் 72 எம்பி. 20,000 பொருளுக்குத் தலா இரண்டு படம் என்றால் ஏறத்தாழ 2.9 டிபி, காப்புப் பிரதிக்கு இன்னொரு மடங்கு.

கலெக்டிவ்ஆக்சஸ், கலெக்‌ஷன்ஸ்பேஸ் போன்ற திறமூல மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனாலும் சர்வர், அமைத்துக் கொடுப்பவர், மேம்படுத்தல், பயிற்சி எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. எதை ஒப்பிட்டாலும் ஐந்தாண்டு மொத்தச் செலவை வைத்தே ஒப்பிடுங்கள்.

எங்கள் பார்வையில் மிகப் பெரிய தவறு, வெளியேறும் வழியைப் பார்க்காமல் உள்ளே போவதுதான். மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். பதிவுகள் இருந்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அந்த 30 பதிவுகளையும் முழுமையாக வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய சிஎஸ்வி (CSV) அல்லது எக்ஸ்எம்எல் (XML) கோப்பாக, தமிழ் எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8 (UTF-8) குறியாக்கத்தில். வந்த கோப்பில் தமிழ் எழுத்து சிதையாமல் இருக்கிறதா, நகர்வு வரிகள் அத்தனையும் வந்தனவா, மூடி இன்னும் தன் பானையோடு இணைந்திருக்கிறதா, படத்தின் கோப்புப் பெயர் சரியான பதிவு எண்ணோடு நிற்கிறதா என்று பாருங்கள். எந்த வடிவில், எத்தனை நாளில், என்ன கட்டணத்துக்கு முழுத் தரவும் தரப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.