கொல்லைக் குளத்தைக் கொசு அண்டாமல் பேணும் முறை

மொரீஷியஸில் கொல்லைப்புறத்தில் சிறு குளம் வைத்திருப்பவரிடம் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது கொசுவைப் பற்றித்தான். 1975இல் ஜெர்வேஸ் சூறாவளிக்குப் பின் மலேரியா திரும்பி வந்ததையும், 2005-06இல் சிக்குன்குன்யா நம்மையும் அண்டைத் தீவான ரெயூனியன்காரர்களையும் படுக்கையில் தள்ளியதையும் கண்ட தீவு இது. எனவே அந்தக் கேள்வி நியாயமானது. மீனும் செடியும் தழைத்து, நீர் அசைந்துகொண்டிருக்கும் குளத்தில் கொசுப்புழு பிழைப்பது அரிது என்பதே அதற்கு விடை. சிக்குன்குன்யாவையும் டெங்குவையும் பரப்பும் வரிக்கொசு பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், சருகடைத்த கூரை மழைநீர்க் குழாய் போன்ற சிறு தேக்கங்களையே நாடுகிறது. ஆகவே குளத்தைப் பேணுவது என்றால் அதை உயிரோடு வைத்திருப்பதும், அதைச் சுற்றியுள்ள கலங்களைக் காலியாக வைத்திருப்பதும் ஆகும்.

முதலில் உங்கள் குளம் எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதைக் கணக்கிட்டு எழுதி வையுங்கள். நீளம், அகலம், சராசரி ஆழம் ஆகியவற்றை மீட்டரில் பெருக்கி, அதை ஆயிரத்தால் பெருக்கினால் போதும்: 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் உள்ள குளம் 3,000 லிட்டர் கொள்ளும். முழு நீரும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வடிகட்டி வழியே சென்று வர வேண்டுமாதலால், அதற்கு மணிக்கு 1,500 லிட்டர் இறைக்கும் மோட்டார் தேவை. அரை மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ள குளம் கோடை நண்பகலில் கொதித்துவிடும். கடற்கரைப் பகுதிகளில் இன்னும் சற்று ஆழம் வைப்பது நல்லது.

பலரும் செய்யும் தவறு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் நானும் அதைச் செய்து மீன்களை இழந்திருக்கிறேன். தைப்பூசக் காவடிக்கு வீட்டைக் கழுவும் கையோடு, குளத்து நீரை முழுதும் இறைத்து, சுவரைத் தேய்த்து, வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் அலசி, புதுநீர் நிரப்பினேன். பளிங்குபோல் தெரிந்த அந்த நீரில் ஒரே வாரத்தில் பாதி மீன்கள் செத்து மிதந்தன. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சிலும் கல்லிலும்தான் குடியிருக்கின்றன. குழாய்நீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். அவை மீண்டும் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். எனவே பஞ்சை ஒரு வாளி குளத்து நீரில் பிழிந்தெடுத்தால் போதும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை நீரை மட்டும் மாற்றுங்கள். குழாய்நீரைத் திறந்த தொட்டியில் ஓரிரு நாள் வைத்தால் குளோரின் வெளியேறிவிடும்; குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோராமின் கலந்த நீரானால் அது அப்படிப் போகாது, மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைச் சேர்க்க வேண்டும். அடிச்சேறு அள்ளுவது போன்ற பெரிய வேலையைக் கோடையில் தொடாமல், ஆகஸ்ட், செப்டம்பர் மாதக் குளிர்ச்சியில் முடித்துவிடுங்கள்.

நீர் பச்சையாவதற்கு வெயிலும் மிகுதியான உணவுமே காரணம். இரண்டு மூன்று நிமிடத்தில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவே இரை போடுங்கள். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் அல்லி இலைகள் நிழல் தரட்டும். பாம்ப்ளெமூஸ் தாவரவியல் தோட்டத்து ராட்சத அல்லியைக் கண்டு ஆசைப்பட வேண்டாம், வீட்டுக் குளம் அதற்குப் போதாது. ஓரத்தில், 'ப்ரெட் சோஞ்ஜ்' என்று நாம் கீரையாகச் சமைக்கும் சேம்பை நட்டால், நைட்ரேட்டை வேர்வழி உறிஞ்சி நீரைத் தெளிய வைக்கும். என் அனுபவத்தில் கடையில் வாங்கிய எந்த மருந்தும் அதற்கு ஈடாகவில்லை. வெங்காயத்தாமரையை மட்டும் வாங்காதீர்கள். சில வாரங்களில் பரப்பை மூடி நீருக்குள் காற்றும் ஒளியும் புகாமல் செய்துவிடும். ஆற்றில் எறிந்தால் ஆற்றையும் மூடும்.

கொசுப்புழுவைத் தின்பதற்குக் கப்பி மீன்களே போதும். தங்கமீன் குளிர்நீரை விரும்புவதால் குளிர்ந்த மேட்டுநில ஊரான கியூர்பிப் பக்கம் நன்றாக வாழும். திலாப்பியாவை அழகுக் குளத்தில் விட்டால் அடியைக் கிளறிச் செடிகளைப் பிடுங்கிவிடும். எந்த மீனையும் ஓடையில் விடக் கூடாது.

வெளியிலிருந்து வந்த உயிரைப் பரவவிடக் கூடாது என்பது மழைக்காலத்தில் இரவெல்லாம் கத்தும் தேரைக்கும் பொருந்தும். இத்தீவுக்குச் சொந்தமான தவளையோ தேரையோ ஒன்றுகூட இல்லை. 1922இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கரும்பு வண்டுகளை ஒழிக்கவென்று கொண்டுவரப்பட்ட தேரை, இத்தீவுக்கே உரிய நத்தைகளையும் பூச்சிகளையும் தின்றுவருகிறது. கறுப்பு மணிமாலைபோல் செடிகளில் சுற்றிக் கிடக்கும் அதன் முட்டைச் சரங்களைக் காலையிலேயே வலையால் எடுத்து வெயிலில் உலரவிடுங்கள்.

சூறாவளிக் காலத்துக்கு முன்பே குளக்கரை தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தாழ்ந்திருந்தால் தோட்டத்து உரமும் சேறும் மழைநீரோடு உள்ளே வரும். முதல் எச்சரிக்கை வந்ததும் அல்லித் தொட்டிகளை அடியில் இறக்கி, வலை விரித்து ஓரங்களில் கல் வையுங்கள். மின் இணைப்பைத் துண்டித்தபின் மோட்டாரை எடுத்துவிடுங்கள். மின்சாரம் இல்லாத நாட்களில் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளந்தால், அது மூச்சுத் திணறல். குவளையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். காற்று ஓய்ந்து வெளியே செல்ல அனுமதி வந்ததும் விழுந்த இலைகளை அள்ளுங்கள், இரண்டு நாள் இரை போடாதீர்கள். பிறகு முற்றம் முழுவதும் நடந்து, நீர் தேங்கிய ஒவ்வொரு கலத்தையும் கவிழ்த்து, உட்புறத்தை நாரால் தேயுங்கள். வரிக்கொசுவின் முட்டை நீர் வற்றினாலும் பல மாதம் சுவரில் ஒட்டிக்கொண்டு உயிரோடிருக்கும்.