காரையில் வெள்ளைக் கோடு உங்களை ஏமாற்றும்: நிலவியல் மாணவர்களைக் கள வரைபடத்துக்குப் பழக்குவது எப்படி

ஒவ்வொரு வருடமும் தை பிறந்ததும் எம்.எஸ்சி. நிலவியல் மாணவர்களை அழைத்துக்கொண்டு பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் போகிறேன். புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்கள் "எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

முதல் நாள் காம்பஸை (திசைகாட்டியை) வெளியே எடுக்க விடாதீர்கள். பாடாலூரில் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே ஊட்டத்தூர் பக்கம் நடத்திக் கூட்டிப் போங்கள். நைஸ் எனும் கெட்டியான பழம்பாறை முடிந்து, ஒரு காலத்தில் கடலுக்கடியில் படிந்த களியும் மணலும் தொடங்கும். எது முதலில் மாறியது என்று மட்டும் கேளுங்கள். மண்ணின் நிறமா, பயிரா, கிணற்று மேட்டில் கிடக்கும் கல்லா? இங்கே நிலவியலாளர் பிளான்ஃபோர்டு 1862இல் வெளியிட்ட பாறைப் பிரிவுகள்தான் (ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர்) இன்றும் அடிப்படை. அவருடைய வரைபடத்தைக் கடைசி நாள் வரை காட்ட வேண்டாம். நான் படித்தபோது முடிந்த வரைபடத்தைக் கையில் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். மதிப்பெண் கிடைத்தது. ஆனால் முதல் வேலையில், இரண்டு பாறைகளுக்கு நடுவே எல்லைக்கோடு போடத் தெரியாமல் வெயிலில் நின்றேன்.

அப்புறம், அடிகளை எண்ணித் தூரம் அளக்கும் நடை. சாலையில் 100 மீட்டர் டேப் விரித்து, மூன்று முறை நடந்து, சராசரி அடிகளை நோட்டின் உள் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். எனக்கு 138. 1:50,000 வரைபடத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது 50 மீட்டர். பென்சில் முனை மழுங்கினாலே எல்லை ஒரு வயல் தள்ளிப் போய்விடும். அதனால் தாளை 1:10,000க்குப் பெரிதாக்கிக் கொடுங்கள். ஜிபிஎஸ் இருக்கட்டும், ஆனால் இடத்தை முதலில் ஓடை வளைவையும் கோயிலையும் வைத்துக் குறித்துவிட்டு, பிறகு அதில் சரிபார்க்கட்டும்.

காரையின் களிமண் பள்ளங்களில்தான் உண்மையான பயிற்சி. அங்கே ஜிப்சம் வெள்ளை வெள்ளையாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறது. ஒரு வருடம் நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி, படுகைகளின் (பாறை அடுக்குகளின்) சாய்வு என்று ஏழு அளவுகளோடு வந்தாள். எல்லாமே 60 டிகிரிக்கு மேல் சாய்வு. தப்பு என்று நான் சொல்லவில்லை. பள்ளத்தின் சுவரருகே உட்கார வைத்து, "இந்த வெள்ளைக் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போம்மா" என்றேன். போனாள். பழுப்புக் களிப் பட்டை ஒன்றை விரல் வெட்டிக் கடந்தது. ஜிப்சத்தின் இழைகள் பிளவின் சுவருக்குக் குறுக்காக, பட்டு நூல் போல மின்னின. இது படிவு இல்லை, பிளவில் பின்னால் வந்து நிரம்பியது என்று அவளே சொன்னாள். படுகை எங்கே என்றால், கீழே வரிசையாகக் கிடந்த பாஸ்பேட் உருண்டைகளைக் காட்டினாள். அந்த வரிசை கிட்டத்தட்டக் கிடையாக இருந்தது. ஏழு அளவுகளையும் ஒற்றைக் கோடால் அடித்தாள். அழிரப்பரை நான் களத்துக்கு அனுமதிப்பதில்லை. தவறும் பதிவாக இருக்க வேண்டும்.

இவ்வளவு குறைந்த சாய்வில் கண் ஏமாறும். கெட்டியான பாறைத் தளம் கிடைத்தால் பாட்டில் மூடியளவு தண்ணீர் ஊற்றுங்கள். அது வழியும் திசையே டிப் (படுகை சாயும் திசை), அதற்குச் செங்குத்தாகப் படுகை கிடையாக ஓடும் திசை ஸ்ட்ரைக். சுத்தியலையும் செல்போனையும் தள்ளி வைத்துவிட்டுக் காம்பஸைப் பிடிக்கட்டும். ஒரே படுகை மூன்று இடங்களில் எந்த உயரத்தில் வருகிறது என்று தெரிந்தால், கணக்குப் போட்டும் சாய்வை எடுக்கலாம். குறைந்த சாய்வுக்கு நான் அதைத்தான் அதிகம் நம்புகிறேன்.

ஆசிட் பாட்டில் இன்னொரு பொறி. ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புப் பாறை பொங்கும். ஆனால் கரிசலுக்கு அடியில், மண்ணிலேயே சுண்ணாம்பு இறுகி உண்டான சுக்கான் கல்லும் பொங்கும். பொங்கியதெல்லாம் சுண்ணாம்புப் பாறை என்று எழுதிவிடுவார்கள். உடைத்துப் பார்த்து, சிப்பி இருக்கிறதா, படுகையாகத் தொடர்கிறதா, மண்ணுக்குள் முடிச்சு முடிச்சாக நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பாறை தெரியாத இடத்தில் கிணறுதான் ஆசிரியர். வயலில் இருப்பவரிடம் முதலில் வணக்கம் சொல்லி, "ஐயா, கிணறு வெட்டும்போது எத்தனை அடியில் என்ன வந்தது?" என்று கேட்கப் பழக்குங்கள். "மேல கரிசல், பத்தடிக்குக் கீழ மஞ்சக் களி, அதுக்கும் கீழ சிப்பிக்கல்லு" என்று ஒருவர் எங்களுக்குச் சொன்னார். அது, ஆழ்துளையிட்டு எடுக்கும் அடுக்குப் பதிவுக்குச் சமம்.

ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், தொப்பி, சுத்தியல் அடிக்கும்போது கண்ணாடி. காரையில் நிழல் கிடையாது. சாத்தனூரில் கல்லாக மாறிக் கிடக்கும் கல்மரத்தருகே போகும்போது சுத்தியல் பேருந்திலேயே இருக்கட்டும். 18 மீட்டர் நீளத்தில் கிடக்கும் அந்த மரத்திலிருந்து ஒரு சில்லுகூட யார் பையிலும் வரக்கூடாது.

மாலையில், சாப்பாட்டுக்கு முன்பே பென்சில் கோடுகளுக்கு மை ஏற்றச் சொல்லுங்கள். பார்த்த எல்லை முழுக்கோடு, ஊகித்தது விட்டு விட்டுப் போடும் கோடு, மண் மூடியது புள்ளிக்கோடு. ஒவ்வொருவரின் தாளிலும் ஒரு முழுக்கோட்டைத் தொட்டு, "இதில் எந்த இடத்தில் நின்றாய்?" என்று கேளுங்கள். நோட்டில் அந்த இடத்தின் எண் இல்லையென்றால், அன்றிரவே அது விட்டு விட்டுப் போடும் கோடாக மாற வேண்டும். மறுநாள் காலை நடையை அந்தக் கோட்டிலிருந்தே தொடங்குங்கள்.