தலைமுறைக் கப்பலில் ஒரு இளையோர் நாவல்: கால்குலேட்டரோடு தொடங்குவோம்

விண்கலத்திலேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, எங்கேயும் இறங்காமலே சாகப்போகிற பதினாறு வயதுப் பெண். இளையோர் நாவலுக்கு இதைவிட நல்ல கரு கிடைப்பது கஷ்டம். "என்னைக் கேட்டா பெத்தீங்க?" என்று எல்லா வீட்டிலும் நடக்கும் சண்டைக்கு அங்கே நிஜமாகவே பதில் கிடையாது. ஆனால் முதல் வரியை எழுதுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

படி 1: தூரம், வேகம்

சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு தொலைவு (ஒளி ஒரு ஆண்டில் போகும் தூரம்தான் ஒரு ஒளியாண்டு). 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 என்ற ஆளில்லா விண்கலம் நொடிக்கு சுமார் 17 கி.மீ. போகிறது. அந்த வேகத்தில் போய்ச் சேர ஏறக்குறைய 75,000 ஆண்டு ஆகும். கதைக்கு உதவாது. ஒளி வேகத்தில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள் (அப்படி ஒரு எஞ்சின் இன்று இல்லை, அந்தச் சலுகையை வாசகர் தருவார்). 424 ஆண்டு. 25 ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்றால் 17 தலைமுறை. பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று எண்ணிக்கொண்டே போனாலும் பாதி வழிக்குக்கூட உறவுப்பெயர் போதாது.

படி 2: நாயகி எத்தனையாவது தலைமுறை?

முதல் தலைமுறை விரும்பி ஏறியது, கடைசித் தலைமுறை இறங்கப்போகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட எட்டாவதை எடுங்கள். 200ஆவது ஆண்டில் கப்பல் 2 ஒளியாண்டு தள்ளி இருக்கும். பூமிக்கு ஒரு கேள்வி அனுப்பினால் பதில் வர நாலு வருஷம். பதினாறில் அழுதுகொண்டே கேட்டதற்கு இருபதில் பதில் வருகிறது. அப்போது அவள் யாராக இருப்பாள்? ஒரு முழு அத்தியாயம் இதிலேயே இருக்கிறது.

படி 3: கால் தரையில் நிற்க

கப்பலைச் சுழல விடுங்கள். ஆரம் 224 மீட்டர், நிமிடத்துக்கு 2 சுற்று என்றால் விளிம்பில் நிற்பவருக்குப் பூமியில் உள்ள அதே எடை தெரியும். தரை முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்து போகும். 2 மீட்டர் உயரத்திலிருந்து பந்தை விட்டால் நேர் கீழே விழாது, சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாக 18 செ.மீ., கிட்டத்தட்ட ஒரு சாண், தள்ளி விழும். அங்கே பிறந்த பிள்ளையின் கை தானாக அந்த இடத்துக்குப் போகும். பழைய கிரிக்கெட் வீடியோவைப் போட்டுக் காட்டினால், "பந்து ஏன் இப்படிக் கோணலாப் போகுது?" என்று கேட்கும்.

படி 4: காற்று

வில்லன் தேடுகிறவர்கள் கவனிக்க. அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற மூடிய கண்ணாடிக் கூடத்துக்குள் 1991இல் எட்டு பேர் இரண்டு ஆண்டு வாழப் போனார்கள். உள்ளே ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 15க்கும் கீழே இறங்கிவிட்டது. மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடாக விட, அதைக் கான்கிரீட் சுவர் உறிஞ்சிக்கொண்டது. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றினார்கள். உங்கள் கப்பலுக்கு வெளியே அதற்கு யாரும் இல்லை.

படி 5: பேச்சு

இங்கேதான் நான் சறுக்கினேன். என் முதல் வரைவில் அப்பா கோபத்தில் 'வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்'. அக்கா மகளுக்குப் படித்துக் காட்டினேன். "மாமா, அங்கதான் ரெண்டுமே இல்லையே?" என்றாள். தேடிப் பார்த்தால் பக்கத்துக்கு நாலு இப்படி: கிழக்கு வெளுத்தது, மழை பெய்து ஓய்ந்த மாதிரி...

முதலில் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அப்புறம் யோசித்தேன். சல்லிக்காசை நம்மில் யார் பார்த்திருக்கிறோம்? இருந்தும் 'சல்லிக்காசு தேறாது' என்கிறோமே. சரி என்று அந்த 'வானத்துக்கும் பூமிக்கும்' வாக்கியத்தை மட்டும் எடுத்துப் பாட்டி வாயில் வைத்தேன். உடனே பேத்தி கேட்கிறாள்: "வானம்னா எந்தத் தளம், பாட்டி?"