கரும்புக் கரணை வாங்கும் முன் 'கோ' எண்ணைப் படிப்பது எப்படி?

ரகப் பெயர் கேட்காமல் கரணை, அதாவது நடுவதற்கு வெட்டிய கரும்புத் துண்டு, வாங்காதீர்கள். கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு வியாபாரி "நல்ல கரும்புங்க, நம்பி நடுங்க" என்றதை நம்பி நட்டு, ஏழாம் மாதம் பாதி வயல் காய்ந்து நின்றதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

பெயர் தெரிந்தால் பாதி விஷயம் தெரிந்த மாதிரி. கோ 86032 என்பதில் 'கோ' நம்ம கோயம்புத்தூர்தான், 86 என்பது 1986, மீதி அந்த வருஷத்து வரிசை எண். கோ 419 போன்ற பழைய ரகங்களில் வருஷம் இருக்காது, வெறும் வரிசை எண்தான். 'கோ'வுக்குப் பின்னால் இன்னொரு எழுத்து வந்தால் தேர்ந்தெடுத்த ஊர்: கோக 671 கடலூர், கோசி என்றால் சிறுகமணி, கோஜே ஜலந்தர்.

பஞ்சாப் கரும்புக்கு எதற்கு நம்ம ஊர்ப் பெயர்? வடக்கே கரும்பு பூத்து விதை பிடிப்பது அபூர்வம். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளைக் கதிர் தள்ளி நிற்கும், பஞ்சு மாதிரி விதையும் கட்டும். அதனால்தான் 1912-ல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் தொடங்கினார்கள், இப்போதும் வீரகேரளத்தில் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சி செய்த பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பை இங்கே தானாக முளைத்துக் கிடந்த காட்டுக் கரும்போடு சேர்த்தார்கள். அதில் வந்த கோ 205 1918-ல் பஞ்சாபுக்குப் போனது. நாம் களை என்று வெட்டி எறிகிற ஒன்றிலிருந்து வடநாட்டுக் கரும்பு மாறியது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். தாவர மரபியலில் பெரிய பெயர் எடுத்த ஜானகி அம்மாளும் 1930-களில் இங்கே வேலை பார்த்தவர்.

சரி, பெயர் கேட்டாச்சு. அப்புறம் விதைக் கரும்பில் ஒன்றை வாங்கி நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டு தெரிந்து, புளித்த சாராய வாடை அடித்தால் அது செவ்வழுகல் நோய். அந்த வயலிலிருந்து ஒரு கரணைகூட வேண்டாம். எண் நல்ல எண்ணாக இருந்தாலும் பிளந்து பார்க்காமல் விடாதீர்கள்: வடக்கே கொடி கட்டிப் பறந்த கோ 0238-ஐயே இந்த நோய்தான் சாய்த்தது. ஆறிலிருந்து எட்டு மாத வயதுள்ள, நாற்றங்காலுக்கென்றே வளர்த்த கரும்பாகப் பார்த்து எடுங்கள், கணுவில் முளை வரும் பரு அடிபடாமல் வெட்டச் சொல்லுங்கள்.

நட்ட அன்றே ரகப் பெயரையும் தேதியையும் தகரத்தில் எழுதி வரப்பு மூலையில் அடித்துவிடுங்கள். வெட்டிய கட்டையையே திரும்பத் தழைக்க விடும் மறுதாம்பு இரண்டு முறை விட்ட பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து கரணை கேட்பார்.