கணினி மேசைக்கு ஸ்பீக்கர், சப்வூஃபர்: தேர்ந்தெடுப்பதும் சரியாக வைப்பதும்

ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பும் பலரும் முதலில் பார்ப்பது வாட்ஸ் எத்தனை என்பதைத்தான். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்பவருக்கு அது கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். ஸ்பீக்கர் உங்கள் காதிலிருந்து ஒரு மீட்டர்கூடத் தள்ளி இருக்கப்போவதில்லை. அவ்வளவு கிட்டத்தில் குறைந்த வாட்ஸே தாராளம்.

முதல் படி: டேப்பை எடுத்து மேசையை அளங்கள்

மானிட்டருக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் இருக்கிறது, பின்னால் சுவர் எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். சில ஸ்பீக்கர்களின் முதுகில் காற்று வந்துபோக ஒரு துளை இருக்கும். அதைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) வீங்கி, பாட்டு கொழகொழவென்று ஆகிவிடும். இடம் குறைவென்றால், துளை முன்பக்கம் இருக்கும் மாடலையோ துளையே இல்லாததையோ பாருங்கள்.

இரண்டாம் படி: 2.0 போதுமா, 2.1 வேண்டுமா?

2.0 என்றால் இரண்டு ஸ்பீக்கர் மட்டும். 2.1 என்றால் கூடவே, பேஸுக்கென்றே தனிப் பெட்டியாக ஒரு சப்வூஃபர். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு; எண் குறையக் குறைய ஒலி தாழும். மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய கூம்புதான் வூஃபர். மூன்று அங்குல வூஃபர் பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸுக்கு மேலேயே ஓய்ந்துவிடும். ஐந்து அங்குலம் 50-ஐ ஒட்டி இறங்கும்.

மலிவான 2.1 செட்களில் பலவற்றின் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. பக்கத்து ஸ்பீக்கர்கள் கையகலம்தான் இருக்கும். 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவற்றால் எதுவும் முடியாது. மிச்சத்தை எல்லாம் சப்வூஃபர் தலையில் கட்டிவிடுவார்கள். ஆண் குரலின் அடிப்பகுதி அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதால், படத்தில் பேசுபவரின் குரலில் பாதி மேசைக்கு அடியிலிருந்து வரும். ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால்தான் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. சப்வூஃபரின் வேலை அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: பட்ஜெட் கட்டுக்குள் இருந்தால், முதலில் நான்கு அல்லது ஐந்து அங்குல வூஃபர் உள்ள நல்ல ஜோடியை வாங்குங்கள். பின்னால் ‘சப் அவுட்’ (சப்வூஃபரை இணைக்கும் துளை) இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். சப்வூஃபரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். சிலருக்கு அது தேவைப்படாமலே போகும்.

மூன்றாம் படி: பெட்டியில் எதைப் படிப்பது?

பி.எம்.பி.ஓ. (விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கிய வாட்ஸ் கணக்கு) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாட்ஸ்தான் கணக்கு. அதுவும் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு லேசாகத்தான் தெரியும். ஹெர்ட்ஸ் அளவுக்குப் பக்கத்தில் ±3 டெசிபல் என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை நம்பலாம். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ‘ஆக்டிவ்’ அல்லது ‘பவர்டு’ வகைதான் புதியவர்களுக்கு வசதி. ‘பாசிவ்’ என்றால் ஆம்ப்ளிஃபயர் தனியாக வாங்க வேண்டும்.

இணைப்புக்கு யு.எஸ்.பி. அல்லது 3.5 மி.மீ. ஜாக் போதும். புளூடூத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சத்தம் கொஞ்சம் தாமதமாக வருவதால் கேம் விளையாடும்போது உறுத்தும். வால்யூம் குமிழ் முன்பக்கம் இருந்தால் தினமும் அந்த அருமை தெரியும்.

நான்காம் படி: ஸ்பீக்கரை வைக்கும் விதம்

இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையிலான தூரமும், ஒவ்வொன்றும் உங்கள் தலையிலிருந்து இருக்கும் தூரமும் ஒன்றாக இருக்கட்டும். ட்வீட்டர் (உயர்ந்த ஒலியைத் தரும் சின்னக் கூம்பு) காது மட்டத்துக்கு வர வேண்டும். ஸ்பீக்கர் குட்டையாக இருந்தால் முன்பக்கத்தைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். அடியில் ஃபோம் துண்டு வைத்தால் மேசைப் பலகை சேர்ந்து அதிராது.

ஐந்தாம் படி: சப்வூஃபருக்கு இடம் தேடுதல்

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். 50 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் ஏறத்தாழ ஏழு மீட்டர். சாதாரண அறைக்குள் அது சுவரில் மோதித் திரும்பி, ஓரிடத்தில் தன்னையே கூட்டும், இன்னோரிடத்தில் தன்னையே அழிக்கும். மூலையில் வைத்தால் பேஸ் அதிகம்தான், ஆனால் பெரும்பாலும் ஒரே சுருதியில் ‘கும்’ என்று நிற்கும்.

நல்ல வழி ஒன்று இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி உங்கள் நாற்காலியில் வையுங்கள். பேஸ் கிட்டார் மேலும் கீழும் நகரும் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, தரையில் தவழ்ந்தபடி, பெட்டியை வைக்கத் தோதான இடங்களில் எல்லாம் காதைத் தாழ்த்திக் கேளுங்கள். எந்த இடத்தில் எல்லா சுரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ, அங்கேதான் சப்வூஃபர் போக வேண்டும்.

பிறகு கிராஸ்ஓவர் குமிழை (எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர் வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது) 80-இல் நிறுத்துங்கள். சப்வூஃபர் வால்யூமைப் பூஜ்ஜியத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்குக் கனம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். பெட்டி இருக்கும் இடத்தைக் காது காட்டிக்கொடுத்தால், கிராஸ்ஓவரையோ வால்யூமையோ குறையுங்கள். ஃபேஸ் ஸ்விட்ச் (சப்வூஃபரின் அதிர்வு ஸ்பீக்கரோடு ஒத்துப்போக மாற்றிப்போடுவது) இருந்தால் 0, 180 இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். பேஸ் எதில் நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள்.

எல்லாம் இணைத்தபின் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால், கணினி, ஸ்பீக்கர், சப்வூஃபர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஆடியோ கேபிளுக்கு நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (இந்த இரைச்சலைத் தடுக்கும் சின்னக் கருவி) ஒன்றைப் போடலாம். இரைச்சல் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள், ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு.